ரேகை வளரும் வரை

கையேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே கடற்கரை வந்துவிட்டது. ‘கடற்கரை வளாகத்தில் பயிலும் மாணவர்கள் உதவித்தொகை அலுவலகத்தை அணுகுவதற்காகக் காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் கல்லூரிப் பேருந்து இயக்கப்படும்’ என்று இருந்தது. வேல்விழி அந்த வரியை இரண்டு தரம் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். விருத்தாசலத்தில் கடற்கரைக்கு எங்கே போவது? இருக்கிற மணிமுத்தாற்றில் கணுக்கால் நனையத் தண்ணீர் ஓடினாலே பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர் இது. இதில் பஸ் வேறு விடுகிறார்களாம், பஸ்!

முந்தின நாள்தான் காலேஜ் முதல்வர் சக்கரபாணி கூப்பிட்டு ஒரு பென்டிரைவைக் கையில் கொடுத்திருந்தார். அடுத்த மாதம் காலேஜுக்குத் தரம் போடுகிற தரக்குழு வருகிறது. காலேஜில் ஒவ்வொரு பிரிவுக்கும் கொள்கையும் நடைமுறையும் எழுதிய கையேடு ஒன்று மேஜைமேல் இருக்க வேண்டும். எங்கோ கடலோரத்தில் இருக்கிற ஒரு காலேஜின் கையேடு அவருடைய சிநேகிதர் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. “பேரை மட்டும் மாத்தும்மா. ரெண்டு மணி நேர வேல. அதுக்கு மேல மண்டைய ஒடச்சிக்காத” என்றார். ரெண்டு மணி நேரமாம்! ஒன்பது வருஷமாக உதவித்தொகை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மாரடித்தவளுக்கு அதைக் கேட்டதும் சுருக்கென்று இருந்தது. சரிங்க சார் என்றுதான் சொன்னாள். வேறென்ன சொல்வது, தொகுப்பூதியக்காரி.

உதவித்தொகைப் பிரிவு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பீரோ, வராந்தாவைப் பார்த்த ஒரு கம்பி ஜன்னல். சூப்பிரண்ட் கலியமூர்த்திக்கு ஒரு மேஜை, வேல்விழிக்கு ஒரு மேஜை. புரட்டாசி பிறந்தால் அந்த ஜன்னலில் பிள்ளைகள் கூட்டம் நெரியும். வருமானச் சான்று, சாதிச் சான்று, பாஸ்புத்தகம் எல்லாம் கொண்டுவந்துவிடுவார்கள். கடைசியாக, ஆதாரோடு ஒத்துப்பார்க்க ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிமேல் விரலை வைக்க வேண்டும். பச்சை எரிந்தால் மனு சர்க்காருக்குப் போகும். சிவப்பு எரிந்தால் போகாது. அவ்வளவுதான் விஷயம். சனியன் பிடித்த விஷயமும் அதுதான்.

ஏனென்றால் இந்த ஊரில் நிறையப் பிள்ளைகளுக்கு விரலில் ரேகை கிடையாது. பீங்கான் பட்டறைக்கு வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். அச்சிலிருந்து எடுத்த பொம்மைக்கு ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைப் பிளேடால் சுரண்டி, உப்புத்தாளில் தேய்த்து, ஈரப் பஞ்சால் துடைத்து, கடைசியில் விரலாலேயே வழித்து வழவழப்பாக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு பொம்மை, நானூறு விளக்கு. பொம்மை வழவழப்பாக ஆக விரலும் வழவழப்பாக ஆகிவிடும். அதுவும் எப்போது? கொலு பொம்மைக்கும் கார்த்திகை விளக்குக்கும் ஆர்டர் குவிகிற புரட்டாசி ஐப்பசியில். உதவித்தொகை மனு வாங்குவதும் அதே புரட்டாசி ஐப்பசியில். யார் கண்டுபிடித்தார்களோ இந்தத் தேதியை! விரலுக்குப் பதிலாகப் போனுக்கு ஒரு எண் வருகிற வழியும் உண்டுதான். ஆனால் ஆதாரில் கொடுத்த போன் எப்போதோ ரீசார்ஜ் போடாமல் செத்துப் போயிருக்கும். புது நம்பரைச் சேர்க்கப் போனால் அங்கேயும் விரலைத்தான் கேட்பார்கள்.

முதல் இரண்டு வருஷம் வேல்விழியும் முழி பிதுங்கித்தான் நின்றாள். அப்புறம் ஒரு பெண் மஞ்சள் காமாலை வந்து இருபது நாள் படுத்துவிட்டு வந்தபோது, முன்பு ரேகை விழாத விரலுக்கு முதல் தடவையிலேயே பச்சை எரிந்தது. அன்றைக்குத்தான் இவளுக்குப் புரிந்தது. தோல் வளர்கிறது! மண்ணைத் தொடாமல் இருந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் ரேகை திரும்பி வந்துவிடுகிறது. காலேஜ் மனு வாங்குகிற கடைசித் தேதிக்கும் சர்க்கார் வெப்சைட் மூடுகிற தேதிக்கும் நடுவில் சரியாகப் பதினாலு நாள் இருந்தது. அதற்கு வேல்விழி ‘இடுக்கு நாள்’ என்று பெயர் வைத்தாள். சிவப்பு எரிந்த மனுவைத் திருப்பித் தர மாட்டாள். குறை மனு என்று எழுதி பீரோவில் வைத்துக்கொள்வாள். “பதினாலு நாளு மண்ணத் தொடாத. ராத்திரியில தேங்கா எண்ண தடவிக்க. பதிமூணாம் நாளு வா” என்று அனுப்புவாள். மண்ணைத் தொடாவிட்டால் அந்தப் பதினாலு நாள் கூலி போகும். அதற்காக வீட்டில் சண்டை வரும். அம்மாக்காரிகளுக்குப் போன் போட்டு இவளே பேசுவாள், கெஞ்சுவாள், சில சமயம் திட்டவும் செய்வாள். போன வருஷத்தில் மட்டும் நாற்பத்தோரு பிள்ளைகள் இப்படித் தேறினார்கள்.

அதில் இனியா ஒருத்தி. இப்போது மூன்றாம் வருஷம் பி.எஸ்ஸி. கணிதம். சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் பட்டறையில் வேலை பார்க்கிற மாரியம்மாளின் மகள். காலேஜ் விட்டதும் நேரே பட்டறைக்குப் போய் அம்மாவோடு உட்கார்ந்துவிடுவாள். இரண்டு வருஷமும் அவளுக்குப் பதிமூன்றாம் நாள் சாயங்காலம்தான் பச்சை எரிந்தது. உதவித்தொகை வந்தால்தான் படிப்பு, இல்லாவிட்டால் அன்றைக்கே நிற்க வேண்டியதுதான் என்று மாரியம்மாள் ஜன்னலில் வந்து முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதில் கோபம்கூட இல்லை, கணக்குத்தான்.

இத்தனையும் எங்கே எழுதியிருக்கிறது? எங்கேயும் இல்லை. வேல்விழியின் தலைக்குள் இருக்கிறது. அதுதான் அவளுக்குப் பயம். தரக்குழு வந்து போனதும் அவளைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றுகிறார்கள் என்று ஏற்கெனவே பேச்சு அடிபட்டுவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காக அவள் பதினைந்து நாள் லீவு போட்டபோது, அவள் இடத்தில் உட்கார்ந்தவர் குறை மனு ஒன்பதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அவருக்கு யார் சொன்னார்கள்? ஒன்பதில் ஏழு பேர் எப்படியோ கடன் உடன் பட்டுத் தொடர்ந்தார்கள். ஒருவன் நின்றான். சங்கவி என்ற பெண்ணும் நின்றாள். போன தீபாவளிக்கு முந்தின வாரம் வேப்பூரில் பஸ் மாறும்போது சங்கவியை வேல்விழி பார்த்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியாம். “நல்லாருக்கீங்களா மேடம், வயித்து வலி சரியாயிடுச்சா?” என்று கேட்டாள் அந்தப் பெண். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடலோரக் கையேட்டை அலுத்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போனவள் ஆறாவது அத்தியாயத்தில் நின்றாள். ‘மீன்பிடித் தடைக்காலத்தில் தந்தை கடலுக்குச் செல்ல இயலாத மாணவர்கள், குறையுள்ள ஆவணங்களைச் சமர்ப்பிக்க அறுபது நாட்கள் அவகாசம் பெறுவர். அதுவரை மனு நிலுவையில் வைக்கப்படும்.’ வேல்விழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அங்கேயும் ஒருத்தி இருந்திருக்கிறாள்! ஒருத்தியோ ஒருத்தனோ, யாரோ. ஜன்னலுக்கு வருகிற பிள்ளையின் அப்பன் என்ன வேலை செய்கிறான், எந்த மாதம் வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரிந்த யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதி, மேலே இருக்கிறவர்களிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். கடலுக்கு எழுதலாம் என்றால் மண்ணுக்கு எழுதக் கூடாதா?

அன்று டீ வந்ததும் கலியமூர்த்தியிடம் சொன்னாள். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிற மனிதர் அவர். கெட்டவர் கிடையாது. இத்தனை வருஷமும் இவள் பீரோவில் குறை மனுக்களை வைத்ததைக் கண்டும் காணாமல் இருந்தவர் அவர்தான். டீயை ஊதி ஊதிக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“எழுதாதம்மா.”

“ஏன் சார்? நல்ல காரியந்தான?”

“நல்ல காரியம்னுதான் சொல்லுறன். எழுதாத வரைக்கும் அது நல்ல காரியம். எழுதிட்டன்னு வெச்சிக்க, எந்த சர்க்கார் ஜீஓ-வுல இருக்குதுன்னு கேப்பாங்க. எங்க இருக்குது? இல்ல. அப்ப அது தப்பு. யாரு கண்ணுலயும் படாம ஓடுற தண்ணிய நீயே போயி காட்டிக் குடுக்கப் போறியா?”

“நான் போயிட்டன்னா யாரு சார் செய்வாங்க? நீங்க செய்வீங்களா?”

கலியமூர்த்தி கண்ணாடி டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, கைத்துண்டால் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் செய்ய மாட்டார். அது இரண்டு பேருக்குமே தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேல்விழி வீட்டில் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக இருக்கிற அவள் புருஷன் கோகுலகிருஷ்ணன், “இன்னும் அந்தப் பொஸ்தகத்தக் கட்டிக்கிட்டுதான் அழுவுறியா? எல்லாரும் காப்பி அடிச்சிக் குடுத்துட்டு வேலையப் பாக்குறாங்க” என்றான். கடற்கரை பஸ்ஸை எடுத்தாள். படகு உரிமத்தை எடுத்தாள். விடுதி உணவுக்குழு, நீச்சல் போட்டிச் சலுகை, எல்லாவற்றையும் எடுத்தாள். அத்தனையும் எடுத்த பிறகு மிஞ்சியது பதினெட்டுப் பக்கம். அதற்குள் ஆறாவது அத்தியாயத்தைத் தன் கையால் புதிதாக எழுதினாள். எழுத்துத் தமிழ் அவளுக்குச் சுலபமாக வரவில்லை. ஒவ்வொரு வரியும் மொட்டையாக நின்றது. நாலு தரம் அழித்து எழுதி, கடைசியில் இப்படி வந்தது: ‘பீங்கான் மற்றும் மண் வேலை செய்யும் குடும்பத்து மாணவர்களின் கைரேகை பதிவாகாத நிலையில், மனுவைத் திருப்பக் கூடாது. ரேகை வளரும் வரை, அதிகபட்சம் பதினான்கு நாட்கள், மனுவைப் பிரிவிலேயே வைத்திருக்க வேண்டும். மாணவரின் வீட்டாருக்குப் பிரிவு உதவியாளர் நேரில் அல்லது தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும்.’ படித்துப் பார்த்தாள். அழகாக இல்லை. ஆனால் நாளைக்கு யார் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும், விரலை மட்டும் பார்த்து விரட்ட முடியாது. மதியம் வைத்த குழம்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் அவள் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தாள்.

சக்கரபாணி கையேட்டை வாங்கி, முதல் ஐந்து அத்தியாயத்தைப் பக்கம் பக்கமாகத் தள்ளினார். ஆறாவதில் அவர் விரல் நின்றது.

“இது என்னம்மா, ‘ரேகை வளரும் வரை’?”

சொன்னாள். பட்டறை, உப்புத்தாள், கொலு, கார்த்திகை, பதிமூன்றாம் நாள், எல்லாம் சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. வீட்டில் இத்தனை நாளாக ஒரு பாம்பு இருந்திருக்கிறது என்று கேள்விப்பட்டவர் மாதிரி இருந்தார்.

“அப்ப வருஷா வருஷம் குறையோட இருக்கற மனுவ பீரோவுல வெச்சிருக்கீங்க.”

“ஆமாங்க சார். அப்புறம் எல்லாம் முடிஞ்சி போயிருதுங்க.”

“எத்தன?”

“போன வருஷம் நாப்பத்தொண்ணுங்க.”

“நாப்பத்தொண்ணு பெண்டிங்கு! கடைசித் தேதி தாண்டி! எனக்குத் தெரியாம!” சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, திருப்பிக் குடுத்த மனு எந்தக் கணக்குலயும் வராது. பீரோவுல இருக்கற மனு பெண்டிங்குன்னு வரும். குழு மொதல்ல கேக்கப் போறதே பெண்டிங்கு எத்தனன்னுதான். இத நீ எழுதி வேற வெச்சிருக்க. ரேகை வளரும் வரையாம். படிச்சா சிரிக்க மாட்டாங்க?”

“அந்த காலேஜ்ல மீன்பிடித் தடைக்காலத்துக்கு எழுதியிருக்காங்களே சார். அதுக்கு யாரும் சிரிக்கலையேங்க.”

“அது சர்க்கார் உத்தரவும்மா. தடைன்னா தடை. இது என்ன? தோலு.”

தோலாம்! அந்தத் தோலை வைத்துத்தானே சார் உள்ளே விடுகிறீர்கள், வெளியே தள்ளுகிறீர்கள் என்று வாய் வரை வந்ததை வேல்விழி விழுங்கிக்கொண்டாள். மின்விசிறி காற்றில் அவள் ஞாயிற்றுக்கிழமை எழுதிய பக்கம் மேஜையில் படபடத்தது. சக்கரபாணி அதன்மேல் பேப்பர் வெயிட்டை வைத்தார். வைத்துவிட்டு, சிவப்புப் பேனாவால் அத்தியாயம் முழுவதற்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் தம் கையால் எழுதினார்: ‘கடைசித் தேதியில் குறையுள்ள மனுக்கள் எக்காரணம் கொண்டும் பிரிவில் வைத்திருக்கப்படக் கூடாது. அன்றைய தினமே திருப்பித் தரப்பட வேண்டும்.’

“மத்தத ஒரிஜினல்ல இருந்த மாதிரியே போட்டுடச் சொல்லுறன். கலியமூர்த்தி கிட்ட குடுத்துட்டுப் போ. இனிமே பீரோவுல ஒரு மனு இருக்கக் கூடாது, புரியுதா?”

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. ஏழு வருஷமாகத் திறந்து கிடந்த ஒரு கதவை, அது திறந்திருக்கிறது என்று தானே எழுதிக் காட்டிப் பூட்டுப் போட வைத்திருக்கிறாள். வராந்தாவைத் தாண்டிப் பிரிவுக்கு வந்தாள். கலியமூர்த்தி அவள் முகத்தைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. ‘நான்தான் சொன்னனே’ என்றும் சொல்லவில்லை. அந்த மட்டுக்கு அவர் பெரிய மனுஷர்.

இருபது நாளில் கையேடு அச்சாகி வந்தது. வழவழ அட்டை, முன்பக்கத்தில் பழமலைநாதர் கோயில் கோபுரத்தையும் காலேஜ் கட்டடத்தையும் ஒட்டவைத்த படம். வேல்விழி நேரே ஆறாவது அத்தியாயத்தைப் பிரித்தாள். ஆறு புள்ளி மூன்றில் மீன்பிடித் தடைக்காலம் அப்படியே இருந்தது. கடலுக்குப் போகாத மீனவர் பிள்ளைகளுக்கு விருத்தாசலத்தில் அறுபது நாள் அவகாசம்! அதற்கு அடுத்த வரி, ஆறு புள்ளி நான்கு, சக்கரபாணி எழுதிய ‘எக்காரணம் கொண்டும்’. ஒரிஜினல் மாதிரியே போடு என்றார் அல்லவா, கலியமூர்த்தி ஒரிஜினல் மாதிரியே போட்டுவிட்டார். டிடிபி கடைக்காரனும் படிக்கவில்லை, முதல்வரும் படிக்கவில்லை, ஒருத்தரும் படிக்கவில்லை. வேல்விழிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “சார், நம்ம காலேஜ்ல யாராச்சும் வலை போடுறவங்க புள்ள இருக்குதுங்களா?” என்று கேட்டாள். கலியமூர்த்தி புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “அட கடவுளே” என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் சின்ன எழுத்தில் ‘தயாரிப்பு: அ. வேல்விழி, உதவியாளர்’ என்று இருந்தது. ஒன்பது வருஷத்தில் காலேஜ் அவள் பெயரை அச்சில் போட்டது அதுதான் முதல் தடவை.

தரக்குழு வந்தது, மாலை போட்டுக்கொண்டது, சாப்பிட்டது. உதவித்தொகைப் பிரிவில் மூன்று நிமிஷம் நின்றது. குழுவில் ஒருவர் கையேட்டை எடுத்துப் பாதியில் பிரித்து, ஆறு புள்ளி நான்கைப் படித்துவிட்டு, தெளிவாக இருக்கிறது, இந்த மாதிரி விதிகளை மாணவர் கண்ணில் படும்படி வைக்கலாமே என்றார். போதாதா! மறுவாரமே சக்கரபாணி அதை நாலடிக்கு மூன்றடி ஃப்ளெக்ஸில் அடித்து, சட்டம் போட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லிவிட்டார். புத்தகத்தில் இருந்தபடியே அடித்ததால் அடியில் வேல்விழியின் பெயரும் வந்துவிட்டது. அதை எடுத்துவிடச் சொல்லி அவள் இரண்டு தரம் கேட்டாள். உனக்குப் பெருமைதானேம்மா என்றார்கள்.

தேர்வுப் பிரிவு மேல் மாடியில். விடைத்தாள் கட்டு, ஹால் சீட்டு, அறை வாரியாக நம்பர். தலைவலி பிடித்த வேலைதான், ஆனால் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கீழே அவள் நாற்காலியில் பிரபா வந்துவிட்டாள். இருபத்து நாலு வயசு, எம்.காம்., திட்டக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். அவள் வந்த அன்றே வேல்விழி கீழே போய் இடுக்கு நாளைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். பிரபா நோட்டில் குறித்துக்கொண்டாள், தலையாட்டினாள், பிறகு மரியாதையாகக் கேட்டாள்: “இது கையேட்டுல எந்தப் பக்கம் மேடம்?” வேல்விழி மேலே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு புரட்டாசி முழுக்க அவள் அந்தப் பக்கமே போகவில்லை. சாப்பாட்டு மணிக்குக்கூடப் பின்படி வழியாக இறங்கிப் போனாள். இனியாவை மட்டும் ஒரு நாள் கேட்டில் பிடித்து, “இப்பவே மண்ண விட்டுரு, கடைசித் தேதி வரைக்கும் தொடாத, தெரியுதா?” என்றாள். “கொலு ஆர்டர் மேடம். அம்மாவுக்குத் தோள்பட்ட வலி, தனியாப் பாக்க முடியல. முடிஞ்சதும் நிப்பாட்டிடுறன்” என்றாள் அந்தப் பெண். கொலு முடிந்ததும் விளக்கு ஆரம்பிக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

காலேஜ் மனு வாங்குகிற கடைசித் தேதியன்று மதியத்துக்கு மேல் வேல்விழிக்கு மாடியில் இருப்புக்கொள்ளவில்லை. ஹால் ஒதுக்கீட்டுப் பட்டியலைக் கீழே கொடுக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முன்படி வழியாகவே இறங்கினாள். ஜன்னலில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் நின்றார்கள். முன்னால் இனியா. கண்ணாடிப் பெட்டிமேல் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு. சுடிதாரில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு. ஆள்காட்டி விரல், நடுவிரல், இடது கை. பிரபாவும் பாவம், எழுந்து நின்று அந்தப் பெண்ணின் விரலைத் தானே பிடித்து அழுத்திப் பார்த்தாள். பத்து விரலும் சிவப்பு. பிரபா உட்கார்ந்து, மனுவை ஒழுங்காக மடித்து, அதன் மூலையில் ‘திருப்பப்பட்டது’ என்ற முத்திரையைக் குத்தினாள்.

“பிரபா, கொஞ்சம் இரும்மா.” வேல்விழி கதவு வழியாக உள்ளே போகாமல், வராந்தாவிலேயே பிள்ளைகளை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்துவிட்டாள். “அத வெச்சிக்க. வெப்சைட்டு மூட இன்னும் பதினாலு நாளு இருக்குது. இந்தப் புள்ளைக்கு வருஷா வருஷம் விழுந்துரும். நான் சொல்லுறன்.”

பிரபா முத்திரையை மேஜையில் வைத்தாள். “மேடம், நான் வந்து மூணு மாசந்தான் ஆவுது. முதல்வர் தினமும் சாயங்காலம் பீரோவத் திறந்து பாக்குறாரு மேடம். எழுத்துல குடுங்க, நான் வெச்சிக்கிறேன்.” அவள் குரலில் திமிர் இல்லை, நடுக்கம்தான் இருந்தது. “நீங்க எழுதுனதத்தான் மேடம் நான் செய்யுறேன். கையேடு அவ்ளோ தெளிவா இருக்குது. எனக்கு ஒரு சந்தேகமும் வரல.”

வேல்விழி உள்ளே பார்த்தாள். கலியமூர்த்தி ஒரு பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான் எழுதியது அது இல்லைம்மா, நான் எழுதியது வேறே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. யாரிடம் கத்துவது? அந்தப் பக்கம் சிவப்புக் கோட்டோடு எந்தக் குப்பைக்குப் போனதோ. அச்சில் இருப்பது இதுதான், பெயர் இருப்பதும் இதன் கீழேதான்.

இனியா மனுவை வாங்கிக்கொண்டாள். அழவில்லை. கூட்டத்திலிருந்து இரண்டு தப்படி தள்ளி நின்று, பையிலிருந்து போனை எடுத்தாள். மூலை உடைந்த போன்.

“யாருக்கு போன் பண்ணுற?” என்றாள் வேல்விழி.

“போன் பண்ணலீங்க மேடம். போட்டோ எடுக்கறன். வூட்டுல போயி சொன்னா எங்கம்மா நம்பாது. போன வருஷம் பதிமூணாம் நாளு விழுந்துது, இந்த வருஷம் மட்டும் ஏன் விழாதுன்னு சண்டைக்கு வரும். நாந்தான் படிக்கப் புடிக்காம பொய் சொல்லுறன்னு நெனச்சிக்கும்.” ஜன்னல் பக்கத்துச் சுவரை நோக்கிப் போனை உயர்த்தினாள். “எழுதிப் போட்டுருக்கறதக் காட்டுனா ஒத்துக்கும்.”

வேல்விழி திரும்பிப் பார்த்தாள். தான் அந்த ஃப்ளெக்ஸ் பலகைக்கு நேர் முன்னால் நின்றுகொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் நாலடி நீளத்துக்கு எழுத்து. இனியா ஒரு அடி இடதுபக்கம் நகர்ந்து பார்த்தாள், வலதுபக்கம் நகர்ந்து பார்த்தாள். அப்புறம் மெதுவாக, எப்போதும் பேசுகிற அதே மரியாதையோடு கேட்டாள்.

“மேடம், கொஞ்சம் நவுந்துக்கறீங்களா? கீழ இருக்குற பேரு மறையுது.”

வேல்விழி நகரவில்லை. ஹால் பட்டியல் கையில் கசங்கியது. வரிசையில் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். இனியா போனை இறக்காமல், மேடம் நகர்ந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்துக்கொண்டு நின்றாள்.